படுத்தால் கூடும் முதுகு வலி

தாம்பரத்திலிருந்து கிண்டிவரை தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டுகிறவருக்கு முதுகு வலித்தால், பழி பள்ளத்தின் மீதும் வேகத்தடை மீதும்தான் விழும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். தேய்மானமோ சவ்வு விலகலோ என்றால் படுத்ததும் வலி கொஞ்சம் அடங்கும். படுத்தால் கூடுகிற வலி, நடு ராத்திரியில் எழுப்பி உட்காரவைக்கிற வலி வேறு ரகம். தண்டுவடக் கட்டியின் வலி பல நேரம் அப்படித்தான் வரும்.

கட்டி என்றதும் குடும்பமே கலங்கிப்போகும். ஆனால் தண்டுவட உறைக்குள், தண்டுக்கு வெளியே வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நரம்பின் மேலுறையில் தோன்றும் ஷ்வானோமாவும் தண்டுவடத்தைப் போர்த்திய சவ்வில் தோன்றும் மெனின்ஜியோமாவும் மெதுவாகவே வளரும். ஆபத்து அவை வளரும் இடத்தில். சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் ஒதுங்க இடமில்லாமல் நசுங்கும்; கால் மரக்கும், சிறுநீர் கட்டுப்படாது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தாக வேண்டும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் காசநோய்க்கானது. அந்த நோய் முதுகெலும்பையும் அரித்துத் தண்டுவடத்தை அழுத்தும். காசமா, கட்டியா என்பதை காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1887-இல் இப்படியொரு கட்டியை எடுத்து, நடக்க முடியாதிருந்தவரை நடக்கவைத்தார். பிறகு ஏறக்குறைய நூறாண்டு காலம் அதே வழிதான்: தசையை இருபுறமும் உரித்து, எலும்பின் பின்கூரையை எடுத்துவிடுவது. அதற்கு மாற்றாக வந்த சாவித்துவார (கீஹோல்) முறையில் கீறல் சுமார் 2 செ.மீ. தசைநார்களை விலக்கிக் குழாயை இறக்கி, எலும்பில் ஒரு பக்கம் மட்டும் சிறு வழி திறப்பார்கள். எண்டோஸ்கோப்பின் லென்ஸ் சாய்வாகப் பார்ப்பதால் எலும்புக்கு அடியில் மறைந்த மூலையும் திரையில் தெரியும்.

உறையைத் திறந்தால், வெள்ளை நரம்பிழைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சளாக ஷ்வானோமா. அது முளைத்த இழையை மெல்லிய மின்முனையால் தொடுவார்கள். கால் தசை துடித்தால் அந்த இழையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். துடிக்காவிட்டால் வெட்டிக் கட்டியை எடுப்பார்கள். என் பார்வையில், அதைவிடக் கடினம் பிறகு உறையைத் தைப்பதுதான். குறுகிய குழாய் வழியே, தண்டுவட நீர் ஒரு சொட்டும் கசியாமல் தைக்க வேண்டும். கசிந்தால் தலைவலி, மூளைக்காய்ச்சல்வரை போகலாம்.

1950-இல் பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் தாம்பரத்துக்காரர் ரயிலேறி அங்கே போக வேண்டியிருந்தது. இன்று குரோம்பேட்டை, பெரும்பாக்கத்திலேயே நரம்பு அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் சாவித்துவார முறை எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது; பெரிய கட்டிக்கும், தண்டின் முன்பக்கம் சுண்ணாம்பேறி ஒட்டிய மெனின்ஜியோமாவுக்கும் திறந்த அறுவையே பெரும்பாலும் பாதுகாப்பு. சின்னத் தழும்புக்கு ஆசைப்பட்டு டாக்டரை வற்புறுத்த வேண்டாம்.