களப்பு ஓரத்து ஆர்க்டிக்

வடதுருவப் பாடம் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பனிக்கரடியும் சீலும்தான். படத்துக்கு நிறம் தீட்டுவார்கள், பரீட்சையில் பெயரை எழுதுவார்கள், அத்தோடு மறந்தும் விடுவார்கள். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு. ஆர்க்டிக்கில் முட்டை உடைத்து வெளிவந்த உயிர்கள் ஆண்டில் பாதிக்கு மேல் அவர்களுடைய ஊரிலேயே இரை தேடுகின்றன.

தை, மாசியில் மாரி ஓய்ந்து களப்பு வற்றத் தொடங்கும்போது நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. களப்பின் சேற்றை வெளியே கொண்டுவருவது வெயில்தான். அந்தச் சேற்றில் சாம்பல் நிறத்தில், நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்த கறுத்தச் சொண்டோடு நிற்பது வளைமூக்கு உள்ளான். தையல் மெஷின் ஊசி போல அந்தச் சொண்டு சேற்றில் இறங்கி ஏறும். கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சொண்டு நுனியின் தொடுவுணர்வாலேயே கண்டுபிடித்துவிடும். எடை ஏறக்குறைய 60 கிராம்.

இது குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற இடங்களில். அங்கே ஜூனில் மேல்மண்ணின் பனி மட்டும் உருகும், அடிமண் உறைந்தே கிடக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் தரையெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கி, அதில் கொசுவும் ஈயும் மண்டும். சூரியன் மறையாததால் இரை தேட நேரத்துக்குப் பஞ்சமில்லை. தாய்தான் அடைகாக்கும், தகப்பன் ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடும். பொரித்த அன்றே குஞ்சு தன் இரையைத் தானே தேடும். பின்னர் தாயும் போய்விடும். கடைசியாகக் கிளம்பும் குஞ்சுகள், வழிகாட்ட மூத்த பறவை இல்லாமலே, 7,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து நம் களப்புக்கு வந்து சேருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அடுத்த பாடம் இன்னும் ஆழமானது. அந்தத் தூந்திரத்தில் லெம்மிங் என்ற சிறு எலி சில ஆண்டுகளில் பெருகும், சில ஆண்டுகளில் அருகும். பெருகினால் ஆர்க்டிக் நரி வயிறாற எலியைத் தின்னும், பறவைக் கூட்டை அவ்வளவாகத் தேடாது. எலி குறைந்தால் முட்டையும் குஞ்சும்தான் அதன் சாப்பாடு. அந்த ஆண்டு தெற்கே வரும் உள்ளான்களில் இளசுகள் குறைந்துவிடும். எங்கோ ஓர் எலி குறைந்ததை நம் பிள்ளைகள் இங்கே எண்ணிக் கண்டுபிடிக்கலாம். ஐப்பசியில் இளம்பறவையின் முதுகு இறகுகளுக்கு வெளிர் ஓரம் இருக்கும், செதில் அடுக்கியது போலத் தெரியும்.

பூமி சூடாவதும் இந்தப் பறவைகளின் உடம்பிலேயே பதிகிறது. தைமிரில் கூடு கட்டும் ரெட் நாட் என்ற இன்னொரு கரைப்பறவையைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பனி முன்கூட்டியே உருகுவதால் பூச்சிகளும் முந்திவிடுகின்றன. குஞ்சு வளரும்போது இரை போதவில்லை. உடல் சிறுத்து, சொண்டு குட்டையாகி வரும் அவை, ஆபிரிக்கக் கரையில் ஆழத்தில் புதைந்த மட்டியை எட்ட முடியாமல் மடிகின்றன.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய மேகா என்ற கடற்காகம், ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போய் மன்னாருக்கே திரும்பியது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். அதன் பாதையை வகுப்புச் சுவரில் ஓர் உலகப்படத்தில் வரைந்து வைக்கலாமே.

ஒரு தொலைநோக்கியும் கொப்பியும் இருந்தால் போதும், ரீச்சர்மார் மாதம் ஒரு காலை பிள்ளைகளை அழைத்துப் போகலாம். நாய்களை விரட்டவிடாமல், தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் நட்டம். சித்திரையில் உள்ளானின் சாம்பல் உடம்பு செங்கல் நிறமாக மாறும். அப்படிச் சிவந்தவை வடக்கே கிளம்பிவிடும். ஒரு வயது நிரம்பாதவற்றில் பல முதல் கோடைக்கு ஊர் திரும்புவதில்லை. வைகாசி, ஆனியில் போனாலும் சில சாம்பல் உள்ளான்களைப் பார்க்கலாம்.