பிள்ளைக்கு இரண்டு கப் பால் போதும்

அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தேயிலை மலை ஊரான தானா ராத்தாவின் கடைத்தெருவில் இளந்தாய்மார்கள் இன்றைக்கும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மிஸ்ஸி, பிள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்சிருச்சு. இனிமே எந்தப் பால் வாங்கறது?" கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கும். விலை குறைந்த பாலை வாங்கினால் பிள்ளைக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்ற பயம் அது.

அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வயது முடிந்து உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைக்கு, சர்க்கரை சேர்க்காத சாதாரண முழுக்கொழுப்புப் பால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு கப். மிச்சப்படும் காசு முட்டைக்கும் மீனுக்கும் போகட்டும்.

தண்ணீராகிப் போகும் பால்

தேயிலை பேக் செய்யும் வேலைக்குப் போகும் ஒரு பெண். கணவன் காய்கறி லாரி ஓட்டுகிறான். அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளையின் எடை மாதக்கணக்காக ஏறவில்லை. என்ன பால் கொடுக்கிறாய் என்று கேட்டேன். கடையில் இருப்பதிலேயே விலை கூடிய டின்களில் ஒன்றைச் சொன்னாள்.

"எப்படிம்மா கலக்கறே?"

"டின்னுல அஞ்சு கரண்டி போட்டிருக்கு மிஸ்ஸி. அஞ்சு போட்டா மாசக் கடைசி வரைக்கும் வராது. அதான் ரெண்டு போடறேன். நல்ல பாலுதானே, ரெண்டு போட்டாலும் சத்து இருக்கும்ல?"

இருக்காது. ஐந்து கரண்டிக்கான சத்து ஐந்து கரண்டி போட்டால்தான் வரும். இரண்டு கரண்டி போட்டால் பிள்ளையின் வயிறு தண்ணீரில் நிரம்பும். பசி அடங்கிவிடுவதால் சோறும் இறங்காது. பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் அவள் அந்த டின்னை வாங்கினாள். அந்த ஆசையே பிள்ளையைப் பட்டினி போட்டது. கட்டுப்படியாகும் பாலை வாங்கி அளவாகக் கரைத்திருந்தால் பிள்ளை தேறியிருக்கும்.

2025 பிப்ரவரியிலிருந்து நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாடகை, அரிசி, பெரிய பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் அதற்குள்தான். அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு டின்னின் விலை சின்ன விஷயம் அல்ல.

டின்னில் என்ன எழுதியிருக்கிறது?

டின்னைப் பார்ப்பதற்கு முன், முதலில் தாய்ப்பால். ஒரு வயதோடு அதன் சத்து தீர்ந்துபோவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையும், அதற்கு மேலும்கூடக் கொடுக்கச் சொல்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் இரவிலும் கொடுத்தால்கூட பெரிய உதவி. காசும் மிச்சம்.

தாய்ப்பால் இல்லையென்றால்? அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, 12 முதல் 23 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்குச் சாதாரண விலங்குப் பாலையே கொடுக்கச் சொல்கிறது. 'வளரும் பிள்ளைக்கு' என்று தனியாக விற்கும் பால்மாவைப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2013-இல் இதைத்தான் சொன்னது: சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டில் அந்த வகைப் பாலுக்கென்று தனி வேலை எதுவும் இல்லை. அதில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் சேர்த்திருப்பது உண்மை. அவற்றைத் தட்டில் உள்ள சாப்பாட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். பல டின்களில் சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது.

கடையில் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 'சுசு தெபுங் பெனுஹ் கிரிம்' என்று இருந்தால் அது முழுக்கொழுப்புப் பால்மாவு. எடுத்துக்கொள்ளலாம். சேர்மானப் பட்டியலில் 'குலா', 'சிராப் ஜாகுங்' என்று இருந்தால் சர்க்கரையும் சோளப்பாகும் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வைத்துவிடுங்கள். பெட்டியில் வரும் முழுக்கொழுப்புப் பாலும் நல்லதுதான். உடைத்த பிறகு குளிர்பெட்டியில் வைக்க வசதி வேண்டும். கொழுப்பு நீக்கிய பால் இரண்டு வயது வரை வேண்டாம். வளரும் மூளைக்கு அந்தக் கொழுப்பு தேவை.

ஒன்றை மறக்காதீர்கள். நான் சொல்வது ஒரு வயது முடிந்த பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிளினிக்கில் கேட்காமல் பாலை மாற்ற வேண்டாம். பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் என்று எது வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கப் கணக்கு

டின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 200 மில்லி கப் பாலுக்கு முழுக்கொழுப்புப் பால்மாவு சுமார் 26 கிராம் போதும். 1 கிலோவில் 38 கப் வரும். நாளுக்கு இரண்டு கப் என்றால் 19 நாள் ஓடும். மாதத்துக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. சில டின்கள் கப்புக்கு இன்னும் அதிகமாகப் போடச் சொல்லும். கப்புக்கு 35 கிராம் என்றால் அதே 1 கிலோவில் 28 கப்தான் கிடைக்கும். விலையைக் கப் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், உண்மை விலை தெரிந்துவிடும்.

அந்த இரண்டு கப்பில் சுமார் 13 கிராம் புரதம் இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவே ஏறக்குறைய அதுதான். எலும்புக்கான கால்சியமும் கணிசமாகக் கிடைக்கிறது. இல்லாதது இரும்புச்சத்து. நாளெல்லாம் பால் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை சோற்றைத் தள்ளும். இரத்தம் குறைந்து வெளுக்கும். அதனால்தான் இரண்டு கப்போடு நிறுத்தச் சொல்கிறேன்.

கட்டிப்பாலும் தேத்தண்ணியும்

இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கும் பழக்கம் மலாயாத் தோட்டங்களில் பழையது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1936-இல் மலாயாவுக்கு வேலைக்கு வந்தவர். சிங்கப்பூரில் கைக்குழந்தைகளுக்குக் கட்டிப்பால் கொடுத்து அவை நோயில் விழுந்து சாவதைக் கண்ணால் பார்த்தார். பால் கம்பெனிகள் நர்ஸ் போல உடுத்திய பெண்களை வைத்து அதை விற்றன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில், 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பில், அவர் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நர்ஸ் உடையை உடுத்தி வாழ்ந்த எனக்கு அந்தச் செய்தி இன்றும் சுடுகிறது. குழந்தைப் பால் விற்பனைக்கான சர்வதேச விதிமுறை 1981-இல்தான் வந்தது.

இன்றைய கட்டிப்பால் டின்களில் பலவற்றில் 'கிரிமர் பெக்காட் மானிஸ்', அதாவது இனிப்புக் கட்டி கிரிமர், என்றுதான் இருக்கிறது. பாதிக்கு அருகில் சர்க்கரை, கொழுப்புக்குச் செம்பனை எண்ணெய். அதைப் பிள்ளைக்குப் பாலாகக் கொடுக்கக் கூடாது.

தேயிலை மலையில் இருந்துகொண்டு இதையும் சொல்லியாக வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பிள்ளையின் புட்டியில் தேத்தண்ணி ஊற்றாதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். பெரியவர்களுக்குத் தேத்தண்ணி நல்லது, சின்னப் பிள்ளைக்கு ஆகாது.

கலக்கும் விதம்

தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். தளதளவென்று கொதித்த தண்ணீரில், அளவுக் கரண்டியைத் தலை தட்டி, டின்னில் சொன்ன கணக்குப்படி மாவு போட்டுக் கரையுங்கள். ஆறிய பிறகு கொடுங்கள். இராத்திரி கலந்து வைத்து விடியற்காலையில் கொடுப்பது வேண்டாம். இங்கே குளிர்தானே என்று நம்பாதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகு புட்டியை விட்டுக் கப்புக்குப் பழக்குங்கள். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைக்குப் பல் சொத்தையாகும்.

மிச்சக் காசில் என்ன வாங்கலாம்?

நாளுக்கு ஒரு முட்டை. உப்புப் போக ஊறவைத்து, வறுத்துப் பொடித்த நெத்திலி. கஞ்சியிலும் சோற்றிலும் தூவலாம். வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் கோழி ஈரல், நன்றாக வேகவைத்து மசித்து. பருப்பும் கீரையும் செய்யும்போது இங்கே விளையும் தக்காளியைச் சேர்த்துவிடுங்கள். அதன் புளிப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும்.

2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். ஐந்தில் ஒரு பிள்ளை. பால் டின் மட்டும் இதைச் சரிசெய்யாது. தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் சரிசெய்யும்.

காசு போதவே இல்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஏழைக் குடும்பங்களில் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள, சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை கொடுக்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989-இலிருந்து நடத்திவருகிறது. கேட்பதில் வெட்கம் எதற்கு? பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் இப்போது வாங்கும் பால் டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே இருக்கும் மிஸ்ஸி திட்டினாலும் பரவாயில்லை, பிள்ளையின் எடை ஏறட்டும்.