தீபத்துக்கு முந்தி காலியான முட்டைக்கூடை

பேங்கில் 30 வருஷம் கணக்குப் பார்த்த கை, கோழிக்கும் நோட்டுப் போட்டது. 12 நாட்டுக்கோழி, புரட்டாசியில் தினம் 4 முட்டை, தீபத்துக்கு முந்தின வாரம் ஒன்றுகூட இல்லை. நஷ்டக்கணக்கு என்று இரண்டை விற்றுவிட்டேன். பக்கத்து நிலத்து அம்மா திட்டினாங்க: "இறகு கொட்டுற கோழியப் போயா வித்தீங்க சார்? தை பொறந்தா வைக்குமே!"

உண்மைதான். புது இறகு முளைக்கும்போது தின்ற புரதமெல்லாம் அதற்கே போய்விடும். பகலும் குறுகுகிறது, மார்கழியில் திருவண்ணாமலையில் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. குளிர்நாட்டில் பல்பு போடுவார்கள். ஆனால் இங்கே ஆனியிலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, அப்போதும் கோழி முட்டை வைக்கத்தானே செய்கிறது? நான் பல்பு போடவில்லை.

நம்ம ஊரில் ஈரம்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டுத்தரை நனைந்தால் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். காய்ந்த கடலைத்தொலியைப் பரப்பி, அடிக்கடி கிளறி மாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். இறகு கொட்டும் கோழிக்குக் கரையான் நல்ல தீனி. பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி போட்டுத் தண்ணீர் தெளித்து, மழை படாத இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் ஏறியிருக்கும். கம்போடு கொஞ்சம் கிளிஞ்சல் தூளும் வையுங்கள்.

தையில் மற்ற கோழிகள் வைக்க ஆரம்பித்தன. விற்ற இரண்டையும் திரும்பக் கேட்கப் போனேன். வாங்கினவர் குழம்பு வைத்தே முடித்திருந்தார்.