ஓரெழுத்துப் படப்பெயர்கள்

திரைப்படத்திற்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பது போன்றதே. பெற்றோர் எத்துணை நெடிய பெயரை விரும்பி வைத்தாலும், ஊரார் அதனைச் சுருக்கியே அழைப்பர். ஆனால், இனிச் சுருக்குவதற்கே இடமில்லாதபடி ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும் பிறந்த படப்பெயர்கள் சில தமிழில் உள்ளன. 2001 முதல் 2010 வரையிலான பத்தாண்டுகளில் அவை குறிப்பிடத்தக்க அளவில் தோன்றின. அப்பெயர்களைப் பற்றிய சுவையான செய்திகள் சிலவற்றை இங்குக் காண்போம். பள்ளிவாசல், மூணாறு முதலிய மலையூர்களிலும் பிற மாநிலங்களிலும் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்திகளால் பொழுதுபோக்கிற்கு மேற்பட்ட பயன் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

முதற்கண், ஓரெழுத்து எவ்வாறு ஒரு பெயராக நிற்க இயலும் என்பதை அறிதல் வேண்டும். பொருள் தரும் தனியெழுத்தை நம் இலக்கணநூலார் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று வழங்கினர். தொல்காப்பியர் காலத்திலேயே இதற்கு இலக்கணம் உண்டு. பின்வந்த நன்னூலார் இத்தகைய சொற்கள் 42 எனக் கணக்கிட்டார். அவற்றுள் 40 நெடில்கள். எஞ்சிய இரண்டே குறில்கள். துன்பம் என்னும் பொருளுடைய ‘நொ’வும், உண் என்னும் பொருளுடைய ‘து’வுமே அவ்விரண்டு. ஆ, ஈ, ஐ, கை, கோ, தீ, நீ, பூ, மை ஆகியன யாவும் நாம் நாள்தோறும் காணும் நெடில்கள். கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ஆகவே, இருமுறை கண் இமைப்பதற்குள் ஒரு படத்தின் பெயரை முழுமையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்பது நம் மொழி தரும் வசதி.

முன்னாளைய படங்கள் இவ்வசதியைப் பெரிதும் நாடவில்லை. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன்பின் நெடுங்காலம் புராண மாந்தர் பெயர்களே படங்களின் பெயர்களாயின. 1960-களில் முழுச் சொற்றொடர்களே பெயர்களாக நின்றன. ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘காதலிக்க நேரமில்லை’ ஆகியவற்றை நினைவுகூர்க. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளிவந்த 1965-ஆம் ஆண்டிலேயே, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘நீ’ என்னும் படமும் வெளிவந்தது. ஜெயலலிதா தமிழ்த் திரையில் அறிமுகமான ஆண்டும் அதுவே. மறு ஆண்டில் அவ்விருவரும் ‘யார் நீ’ என்னும் படத்தில் நடித்தனர். 1967-இல் டி. ஆர். ராமண்ணாவின் இயக்கத்தில் ‘நான்’ வந்தது. அதில் ரவிச்சந்திரனுடன் நடித்தவரும் ஜெயலலிதாவே. ‘நீ’, ‘யார் நீ’, ‘நான்’ எனத் தன்மையும் முன்னிலையுமாகிய இடப்பெயர்களே மூன்று ஆண்டுகளில் மூன்று படங்களாயின! இதன்பின் 1981-இல் ரஜினிகாந்த் நடித்த ‘தீ’ வெளிவந்தது. ‘தீவார்’ என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. இந்திப் பெயரின் முதலெழுத்தும் தமிழ்ப் பெயரும் செவிக்கு ஏறக்குறைய ஒன்றாய் ஒலிப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். பொருளோ வேறு, அங்கே சுவர், இங்கே நெருப்பு.

இனி நாம் எடுத்துக்கொண்ட பத்தாண்டிற்கு வருவோம். அதன் முற்பகுதியில் குறும்பெயர்கள் பெருகின. ஆனால் அவற்றுட் பல பிறமொழிச் சொற்கள். 2001-இல் தரணி இயக்கி விக்ரம் நடித்த படம் ‘தில்’. இதயம் எனப் பொருள்படும் இந்திச் சொல், சென்னைப் பேச்சில் துணிவு என்னும் பொருளைப் பெற்று, அப்பொருளிலேயே படப்பெயராயிற்று. அவரே 2003-இல் ‘தூள்’ என்றும், 2004-இல் ‘கில்லி’ என்றும், 2008-இல் ‘குருவி’ என்றும் பெயரிட்டார். நான்கும் மூன்றெழுத்தைத் தாண்டவில்லை. லிங்குசாமியின் முதற்படம் ஐந்தெழுத்துடைய ‘ஆனந்தம்’. அடுத்து 2002-இல் அவர் இயக்கியது ஈரெழுத்தில் ‘ரன்’. 2005-இல் இயக்கியது ஓரெழுத்தில் ‘ஜி’. இங்ஙனம் ஐந்து, இரண்டு, ஒன்று எனப் பெயர் தேய்ந்துகொண்டே வந்தது. பின்னர் அவரே ‘பீமா’, ‘பையா’ என ஈரெழுத்துப் பெயர்களுக்கு மீண்டார். அஜித் நடித்த ‘ரெட்’ 2002-இலும், மாதவன் நடித்த ‘ஜே ஜே’ 2003-இலும் வெளிவந்தன.

2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. தமிழில் பெயர் வைக்கப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்படும் என்பதே அது. படத்தின் பெயர் அன்றுமுதல் பணமதிப்புடைய பொருளாயிற்று. தயாரிப்பாளர் பலர் அகராதியைப் புரட்டினர். ‘ஜில்லுனு ஒரு காதல்’ என அறிவிக்கப்பட்டிருந்த படம், முதலெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு ‘சில்லுனு ஒரு காதல்’ ஆயிற்று. ‘எம்டன் மகன்’ என்பது ‘எம் மகன்’ எனக் குறுகியது. முதல் உலகப் போரின்போது சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய செருமானியக் கப்பலின் பெயர் எம்டன். அஃது அயல்மொழிப் பெயர் என்பதால் நீங்கியது. ‘ரோபோ’ என்று பேசப்பட்ட படம் 2010-இல் ‘எந்திரன்’ எனத் திரைக்கு வந்தது. 2011-இல் இவ்விலக்கிற்கு மேலும் சில நிபந்தனைகள் சேர்ந்தன. 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் பழைய ஏற்பாடு முடிவுற்றது.

விலக்கு அறிவிக்கப்பட்ட அந்த 2006-ஆம் ஆண்டிலேயே ‘ஈ’ வெளிவந்தது. இயக்கியவர் எஸ். பி. ஜனநாதன். ‘இயற்கை’ என்னும் தம் முதற்படத்திற்கே சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தவர் அவர். குடிசைப் பகுதி மக்களின் உடலையே மருந்துச் சோதனைக் களமாக்கும் கொடுமையை ‘ஈ’ எடுத்துரைத்தது. ஈயைப் போல் எளிதில் நசுக்கப்படும் உயிராக ஏழை மதிக்கப்படுவதை அந்த ஓரெழுத்தே உணர்த்திவிடுகிறது. ‘ஈ’ என்பதற்குக் ‘கொடு’ என்னும் பொருளும் தமிழில் உண்டு என்பதை நினைத்தால், பெயரின் ஆழம் மேலும் புலனாகும்.

2008-இல் வந்த ‘பூ’ மற்றோர் அழகிய எடுத்துக்காட்டு. இதன் இயக்குநர் சசி, 2006-இன் தொடக்கத்தில் ‘டிஷ்யூம்’ என்னும் சண்டை ஒலியையே படப்பெயராக்கியவர். ஈராண்டு கழித்து அவரே ‘பூ’ என்று பெயரிட்டார். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்னும் சிறுகதையிலிருந்து எழுந்தது இப்படம். கரிசல் மண்ணில் பட்டாசுத் தொழிற்சாலையில் பணிபுரியும் மாரி என்னும் பெண்ணின் நிறைவேறாத அன்பே கதை. அம்மாரியாக நடித்த பார்வதி கேரளத்தில் பிறந்தவர். இதுவே அவருக்கு முதல் தமிழ்ப் படம். தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பேச்சை அவர் தம்முடையதாக்கிக்கொண்டதைப் பலரும் பாராட்டினர். எல்லையில் வாழும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

2010-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த படங்களுள் இரண்டு நம் கருத்திற்கு உரியன. ஒன்று, புஷ்கரும் காயத்ரியும் இயக்கிய ‘வ’. நன்னூலார் பட்டியலில் இல்லாத குறில் எவ்வாறு பெயராயிற்று என நேயர்கள் வியக்கலாம். பழந்தமிழ்க் கணக்கில் கால் என்னும் பின்னத்தைக் குறிக்கும் அடையாளம் ‘வ’ ஆகும். மதுக்கடைகள் மூடிய ஓர் இரவில், கால் புட்டி மதுவைத் தேடி அலையும் ஒருவனின் நகைச்சுவைக் கதை அது. நம் பாட்டனாரின் கணக்கேடுகளோடு மறைந்துபோன ஒரு குறியீடு, சென்னை நகரச் சுவரொட்டியில் மீண்டும் உயிர்பெற்றது.

மற்றொன்று ‘மைனா’. ‘மை’, ‘னா’ என்னும் இரண்டே எழுத்துகள். பிரபு சாலமன் இயக்கிய இப்படம், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியில் படமாக்கப்பட்டது. மூணாற்றுப் பக்கத்து டாப் ஸ்டேஷன் மலைமுகட்டினின்று நோக்கினால், அடிவாரத்தில் தோன்றுவது அக்குரங்கணியே. இப்படத்தில் நடித்த தம்பி ராமையா, சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

அப்பத்தாண்டு முடிந்தபின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. 2011-இல் ‘கோ’வும், 2015-இல் ‘ஐ’யும் வந்தன. ‘கோ’ என்றால் அரசன். ‘ஐ’ என்பது வியப்பு, அழகு, தலைவன் எனப் பல பொருள் தரும். ‘ராம்’, ‘ஈ’, ‘கோ’ ஆகிய மூன்றிலும் நடித்தவர் ஜீவா; ‘தில்’, ‘தூள்’, ‘பீமா’, ‘ஐ’ ஆகிய நான்கிலும் நடித்தவர் விக்ரம். தெலுங்கில் ‘ஈகா’ எனப் பெயர்பெற்ற ராஜமௌலியின் படம் 2012-இல் தமிழில் வந்தபோது, ‘ஈ’ என்னும் பெயரில் ஏற்கெனவே ஒரு தமிழ்ப் படம் இருந்தது. புதிய படம் ‘நான் ஈ’ என்று பெயர்பெற்றது.

பிற நாடுகளிலும் ஓரெழுத்துப் படங்கள் உள்ளன. செருமானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் 1931-இல் ‘எம்’ என்னும் படத்தை எடுத்தார். கொலைஞன் எனப் பொருள்படும் செருமானியச் சொல்லின் முதலெழுத்து அது. கோஸ்டா காவ்ராஸ் 1969-இல் எடுத்த ‘இசட்’, ‘அவர் வாழ்கிறார்’ என்னும் கிரேக்கச் சொல்லைக் குறிப்பது. கன்னடத்தில் உபேந்திரா 1998-இல் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தையே பெயராக்கினார். இவற்றில் எழுத்து ஒரு குறிப்பாக நிற்கிறது. விளக்கம் கேட்ட பின்னரே பொருள் தெளிவாகும். ‘பூ’வும் ‘தீ’யும் அத்தகையன அல்ல. அவை முழுச் சொற்கள். கேட்டவுடன் மணப்பன, சுடுவன. 2009-இல் பால்கி இயக்கிய ‘பா’ என்னும் இந்திப் படம் இவ்வகையில் தமிழ்ப் பெயர்களுக்கு உறவுடையது. அப்பா என்று அழைக்கும் சொல் அது. அப்படத்திற்கு இசையமைத்தவர் நம் இளையராஜா.

குறும்பெயர்களால் வானொலிக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. சுவரொட்டியில் யானையளவு எழுதப்பட்ட ‘ஈ’ கண்ணைக் கவரும். காற்றில் வரும் ‘ஈ’யோ முன்னும் பின்னும் உள்ள சொற்களில் ஒட்டிக்கொள்ளும். இலக்கண விதியைப் பின்பற்றிப் ‘பூப்படம்’ என்று அறிவிப்பாளர் கூறினால், கேட்பவர் மலரின் ஓவியம் என்றே கொள்வர். ஆகவே, ‘பூ என்னும் திரைப்படத்திலிருந்து’ என்று சற்று நிறுத்திச் சொல்லுதல் வேண்டும். பெயர் குறுகினால் அறிமுகம் நீளும் என்பது வானொலியார் அறிந்த உண்மை.

இனி, முதலில் கூறிய பயனுக்கு வருவோம். மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் பாதையில் அமைந்த ஊர் பள்ளிவாசல். 1940-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய இடம் அது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்போருள் மிகப் பலர் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்தோரின் வழியினர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பகுதிகளாயின. தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள் இங்கு உளர். பெறாத பிள்ளைகளும் உளர். பாலக்காட்டிலும், பெங்களூரிலும், மும்பையிலும் இதுவே நிலை. வீட்டில் தமிழ் பேசி, திரையில் தமிழ் கேட்டு, தமிழ் எழுத்தை மட்டும் அறியாது வளரும் பிள்ளை நம் வீடுகளில் பெருகுகிறது. பாட்டி எழுதிய கடிதத்தை அப்பிள்ளை பிறர் உதவியின்றிப் படிக்க இயலாது. ஒரு தலைமுறை இங்ஙனம் கழியுமாயின், அடுத்த தலைமுறையில் பேச்சும் தளரும்.

அப்பிள்ளைக்கு இப்படப்பெயர்களே முதற்பாடம் ஆகலாம். ‘ஈ’ என்பது உயிரெழுத்து. ‘தீ’, ‘நீ’ ஆகியவற்றில் அதே ஒலி மேல்விலங்குச் சுழியாக அமைகிறது. ‘பூ’வில் ஊகாரத்தையும், ‘கோ’வில் ஓகாரத்தையும், ‘மைனா’விலும் ‘பையா’விலும் ஐகாரத்தையும் ஆகாரத்தையும் காட்டலாம். ‘தில்’, ‘ரன்’, ‘தூள்’ ஆகியவற்றைக் கொண்டு புள்ளியின் இயல்பைக் கற்பிக்கலாம். ஆங்கிலத்தில் ‘தீ’ என்று எழுத நான்கு எழுத்துகள் வேண்டும். தமிழில் ஒன்றே போதும் எனக் கண்டால் பிள்ளை வியப்புறும். மலையாளம் பயிலும் பிள்ளைக்கோ மற்றொரு சுவை காத்திருக்கிறது. பூ, தீ, நீ, கை ஆகியன இரு மொழியிலும் ஒரே பொருளைத் தருவன. ‘ஈ’ மட்டும் தமிழில் பறக்கும். மலையாளத்தில் ‘இந்த’ என்று சுட்டும். ஈயை அவர்கள் ‘ஈச்ச’ என்பர். இரண்டு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இன்று மாலை ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் இப்பெயர்களைப் பெரிதாக எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்தப் படம் என்று அவர்கள் கண்டு கூறட்டும். பத்துப் பெயர்களைப் படித்து முடித்த பிள்ளை, பதினோராவதாகத் தன் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு தானே கேட்கும்.