வாயில் விளக்கு

மாலைப் பொழுதில் வாயிலில் விளக்கேற்றுதல் தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். முற்காலத்தில் வாயிற்சுவரில் மாடக்குழி அமைத்து, அதில் அகல்விளக்கை ஏற்றி வைத்தனர். இல்லத்தில் இருப்போருக்கே அன்றி, தெருவில் செல்வோருக்கும் அவ்வொளி பயன்பட்டது. அகல் அணைந்தால் அதன் காரணத்தை அறிவது எளிது. எண்ணெய் வற்றியிருக்கும், திரி கரிந்திருக்கும், அன்றேல் காற்று மோதியிருக்கும். இம்மூன்றும் கண்ணுக்குப் புலப்படுவன. இன்று அகலின் இடத்தை மின்விளக்குப் பெற்றுள்ளது. மின்விளக்கு அணைந்தால் அதன் காரணம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அதனை அறிவினால் தேடிக் காணுதல் வேண்டும்.

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களில் குடியிருப்புகள் பெருகின. சிறு தோட்டமும் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உடைய வீடுகள் இப்பகுதியில் பல. கதவின் பக்கத்துத் தூணில் ஒரு விளக்கு இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இவ்வூர்களை நனைக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. இருளும் நீரும் சூழ்ந்து, விளக்கு மிகவும் தேவைப்படும் அக்காலத்திலேதான் வெளிவிளக்குகள் மிகுதியாகப் பழுதுறுகின்றன.

இத்தகைய வீடொன்றில் வாயில் விளக்கு எரியவில்லை என்று கொள்வோம். உடனே நாற்காலியின்மீது ஏறி, விளக்கைத் தட்டிப் பார்ப்பவர் பலர். அது பெரும் பிழை. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு முறையை வகுத்துள்ளது. முதலில் நோயை அறிதல், அடுத்து அதன் காரணத்தை அறிதல், அதன்பின் தீர்க்கும் வழியைத் தேர்தல், இறுதியில் பழுதறச் செய்தல் என்பது அம்முறை. உடற்பிணிக்குக் கூறிய இம்முறை விளக்கின் பிணிக்கும் முற்றும் பொருந்துவதாகும்.

முதற்கண் நோய் எத்துணைப் பரவியது என்று காண்க. தெரு முழுவதும் இருண்டிருந்தால் குறை வீட்டில் இல்லை. மின்வாரியத்திற்கு அறிவித்தலே செயல். வீடு மட்டும் இருண்டிருந்தால் குறை மீட்டரை அடுத்த மெயின் சுவிட்ச் முதலிய இடங்களில் இருக்கலாம். வாயில் விளக்கு ஒன்று மட்டும் எரியாதிருந்தால், அவ்விளக்கிற்கு உரிய வழியில் குறை உள்ளது எனத் தெளியலாம். நின்ற இடத்தில் நின்றே, ஒன்றையும் தொடாமல், இவ்வளவும் அறிய முடிகிறது அன்றோ?

இனிக் காரணத்தை நோக்குவோம். மின்சாரம் ஒரு கம்பியின் வழியே விளக்கிற்குச் சென்று, மற்றொரு கம்பியின் வழியே திரும்புகிறது. செல்லும் கம்பியைப் ‘பேஸ்’ என்றும், திரும்பும் கம்பியை ‘நியூட்ரல்’ என்றும் மின்பணியாளர் வழங்குவர். இவ்வட்டம் எங்கேனும் அறுபட்டால் விளக்கு எரியாது. பல்பு தன் ஆயுள் முடிந்து போயிருக்கலாம். ஹோல்டரில் உள்ள சுருள்கம்பி துருவேறிப் பல்பைத் தொடாதிருக்கலாம். சுவிட்சின் உட்பகுதி தேய்ந்திருக்கலாம். கம்பியின் இணைப்பு நெகிழ்ந்திருக்கலாம். இவற்றுள் எளியதையே முதலில் ஆராய்தல் முறை. மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னர்ப் பெரியவர் ஒருவர் பல்பைக் கழற்றி, வீட்டினுள் நன்றாக எரியும் வேறு விளக்கின் இடத்தில் இட்டுப் பார்க்கலாம். அங்கே எரிந்தால் பல்பு குற்றமற்றது. எரியாவிட்டால் புதிய பல்பு ஒன்றே மருந்தாகும்.

நோயின் குறிகளும் காரணத்தைக் கூறும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் இணைப்பு நெகிழ்ந்திருத்தல் கூடும். மழை பெய்யும்போது மட்டும் எம்.சி.பி. என்னும் காப்பு விசை விழுமானால், விளக்கினுள் நீர் புகுந்துள்ளது என ஐயுறலாம். சுவிட்சை நிறுத்திய பின்னும் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்வதுண்டு. சுவிட்சைப் பேஸ் கம்பியில் அமைப்பதற்கு மாறாக, நியூட்ரல் கம்பியில் அமைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம் ஆகும். அவ்வாறு அமைத்த விளக்கு அணைந்திருக்கும்போதும் அதனுள் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அதனைத் தொடுதல் உயிருக்கே கேடாய் முடியும். ஆதலின் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் எவ்விளக்கிலும் கை வைத்தல் கூடாது.

வெளிவிளக்கினுள் நீர் புகுவது எவ்வாறு? வீட்டினுள் பொருத்துதற்கு உரிய விளக்கை வெளியே பொருத்துதல் ஒரு காரணம். கண்ணாடி மூடியின் இரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துப் போதல் மற்றொன்று. கம்பி மேலிருந்து இறங்கி விளக்கினுள் புகுமாறு அமைத்தால், மழைநீர் அதனையே வழியாகப் பற்றி உள்ளே செல்லும். கம்பியைச் சிறிது தாழவிட்டு வளைத்து, கீழிருந்து மேலேறிப் புகச் செய்தால், நீர் அவ்வளைவிலிருந்தே சொட்டிவிடும். எறும்பும் பல்லியும் விளக்கினுள் குடிபுகுவதும் உண்டு. வெளியில் பொருத்தும் விளக்குகளில் ‘ஐ.பி. 65’ என்பது போன்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். அதில் 6 என்பது தூசு புகாமையையும், 5 என்பது பீச்சியடிக்கும் நீர் கேடு விளைக்காமையையும் குறிக்கும்.

நீர் புகுந்த விளக்கு எரியாமற் போவது சிறு துன்பமே. அதைத் தாங்கும் தூணிலும் இரும்புக் கதவிலும் மின்சாரம் பாய்வதே பெருந்துன்பம். இதனைச் சிறு கணக்கால் அறியலாம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 9 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தால் எரிகிறது. மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் சிறிது நேரம் பாய்ந்தாலும் உயிருக்கு இடர் நேரும். ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்சாரமே ஓர் உயிரை அணைக்கப் போதுமானது. நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் ஆகிறது.

“எம்.சி.பி. காக்காதோ?” என வினவலாம். விளக்குகளுக்கு இடும் எம்.சி.பி. பெரும்பாலும் 6 ஆம்பியர் அளவினது. 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டன்று. அது கம்பி சூடேறித் தீப்பற்றாமற் காக்குமே அன்றி, மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் மற்றொரு கருவியாகும். சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்துள்ளனவா என்று அது இடையறாது ஒப்பிட்டு நோக்குகிறது. சென்றதில் ஒரு பகுதி நீரின் வழியாகவோ மனித உடலின் வழியாகவோ மண்ணிற் கசிந்தால் இரண்டும் ஒவ்வா. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், இமைப்பொழுதில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உலோக விளக்கின் உடலைப் பச்சைநிற எர்த் கம்பியால் மண்ணோடு இணைத்தலும் இன்றியமையாதது. எர்த் கம்பி கசிவுக்கு வழியமைக்கும், ஆர்.சி.சி.பி. அக்கசிவைக் கண்டு தடுக்கும். இரண்டும் இருப்பதே முழுக்காவல்.

இக்காவலின் தேவையைச் சென்னையின் தென்மேற்குப் புறநகர் ஒரு துயர நிகழ்ச்சியால் அறிந்துள்ளது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், மழைநீர் தேங்கிய முகலிவாக்கத்துத் தெருவில் நடந்த சிறுவன் ஒருவன், தெருவிளக்கிற்குச் சென்ற கம்பியிலிருந்து மின்சாரம் பாய்ந்து இறந்தான். விளக்கைக் காண்பவர் உண்டு. அதற்குச் செல்லும் கம்பியைக் காண்பவர் அரியர். கேடு கம்பியில் மறைந்திருந்தது.

இனி, பழுதைத் தீர்ப்பவர் யார்? பல்பை மாற்றுதல் வீட்டுப் பெரியவரால் இயலும். கம்பி, இணைப்பு, எர்த் ஆகியவற்றைச் செப்பனிடுதல் உரிமம் பெற்ற மின்பணியாளரின் கடமை. அவர் டெஸ்டரால் மின்சாரம் உள்ள இடத்தை அறிவார். மெக்கர் என்னும் கருவியால் கம்பியின் உறை காப்புடன் உள்ளதா என்று அளந்து காண்பார். மாணவர் செய்யத்தக்கன வேறு உள. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதிருத்தல், மழைக்காலத்தில் விளக்குத் தூணில் சாயாதிருத்தல், இரும்புக் கதவில் சிறு அதிர்வு உணர்ந்தாலும் உடனே பெரியோருக்கு அறிவித்தல் ஆகியன அவை. எவரையேனும் மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடலாகாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். பின்னர் 108 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

மழை தொடங்குமுன், புரட்டாசித் திங்களிலேயே வாயில் விளக்கை ஆராய்ந்து செப்பம் செய்துகொள்ளும் இல்லத்தார் அறிவுடையோர். கார்த்திகை விளக்கீட்டன்று அவ்வீட்டு வாயிலில் அகல்வரிசையும் மின்விளக்கும் ஒருங்கே ஒளிரும். வழிச்செல்வோர் அச்சமின்றி அவ்வொளியில் நடப்பர். பிறர்க்கு ஒளி தரும் விளக்கு எவர்க்கும் கேடு தராதவாறு காத்தலே விளக்கேற்றுதலின் முதற்கடமையாகும்.