கார் ரூஃப் துணி தலையில் இடிக்குதா? வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

வேங்கிக்காலில் இருக்கும் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்கு வேலையாக காரில் வருபவர்கள் முதலில் தேடுவது நிழலைத்தான். மரத்தடி கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சாயங்காலம் வரை கார் வெயிலில்தான் நிற்கும். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வெளியூரிலிருந்து வரும் கார்களுக்கும் பெரும்பாலும் திறந்தவெளி பார்க்கிங்தான். இப்படிப் பல வருஷம் வெயில் குடித்த காரில் ஒருநாள் கூரையின் உள்பக்கத் துணி பின்சீட்டுக்கு மேலே லேசாகத் தொங்க ஆரம்பிக்கும். சில மாதங்களில் அது பந்தல் துணி மாதிரி இறங்கி, பின்னால் உட்காருபவர்களின் தலையில் உரசும். ரியர் வியூ கண்ணாடியில் பின்பக்கச் சாலையையும் மறைக்கும்.

'கொஞ்சம் கம் தடவி ஒட்டிட்டா போச்சு' என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால், ஒட்டினாலும் அது நிற்காது. ஏன்?

துணி ஏன் தொங்குகிறது?

கார் கூரையின் உள்பக்கம் பார்க்க ஒரே துணி மாதிரி இருந்தாலும் அது மூன்று அடுக்கு. மேலே கூரைத் தகட்டை ஒட்டி, கண்ணாடி நாரிலோ அழுத்திய நார் அட்டையிலோ செய்த ஒரு போர்டு. அதற்குக் கீழே சில மில்லிமீட்டர் தடிமனில் பாலியூரித்தேன் ஃபோம். அந்த ஃபோமின் அடியில் நாம் பார்க்கும் துணி. கடைகளில் இந்த மொத்த செட்டையும் 'ரூஃப் லைனிங்' என்பார்கள்.

இதில் வயசாவது நடுவில் இருக்கும் ஃபோம்தான். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு உருவாக்கிய பாலியூரித்தேன்தான் இன்று மெத்தை, செருப்பு, கார் சீட் என எல்லா இடத்திலும் இருக்கிறது. வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்து அதன் மூலக்கூறு சங்கிலிகளை மெதுவாக அறுக்கும். பரணில் வருஷக்கணக்கில் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டால் அடிப்பாகம் தூள்தூளாக உதிர்வதும் பல நேரம் இதனால்தான்.

காருக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் இருந்த நாட்களில், நிறுத்திவைத்த காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை லேசாக இறக்கி வைத்ததும் பெரிதாக உதவவில்லை. இத்தனைக்கும் இது காருக்குள் இருக்கும் காற்றின் கணக்கு. ரூஃப் லைனிங் இருப்பதோ நேரடி வெயில் வாங்கும் தகட்டுக்குக் கீழே.

ஆக, துணியும் கெடவில்லை, போர்டும் கெடவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த ஃபோம்தான் தூளாகிவிட்டது. அந்தத் தூளின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த கம் அடித்தாலும், அது ஒட்டுவது தூளில்தான். போர்டு வரை போய்ச் சேராது. குண்டூசி குத்துவது, ஸ்டேப்ளர் அடிப்பது எல்லாம் சில வாரம் தள்ளிப்போடும் வேலை, அவ்வளவுதான்.

அம்பாசிடர் காலத்து கார்களில் ரூஃப் துணியைக் கம்பிகளில் கோர்த்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்யும் முறை வேறு. சில சிறிய கார்களில் ஃபோமே இல்லாமல் மோல்டு செய்த போர்டு மட்டும் இருக்கும். அதில் இந்தப் பிரச்னை வராது.

முதலில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள்

வேலையில் இறங்கும் முன் கதவுகளை ஒட்டிய தூண்களின் பிளாஸ்டிக் மூடியில் 'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், உங்கள் காரில் கர்ட்டன் ஏர்பேக் உண்டு. அது கதவுக்கு மேலே, ரூஃப் லைனிங்கின் ஓரத்துக்குப் பின்னால்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தின்போது லைனிங் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு அது கீழே விரிய வேண்டும். ஓரத்தை கம் போட்டு இறுக்கி ஒட்டினாலோ, மூடியின் கிளிப்பைத் தவறாக மாட்டினாலோ அது சரியாக விரியாமல் போகலாம்.

அப்படிப்பட்ட கார் என்றால் வீட்டில் கை வைக்காமல், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது. பல வருஷம் ஓடிய சிறிய கார்கள் பலவற்றில் கர்ட்டன் ஏர்பேக் இருக்காது. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019-ல்தான். அந்த மாதிரி கார்களுக்குத்தான் கீழே உள்ள வழிமுறை.

என்னென்ன வேண்டும்?

ஃபோம் ஒட்டியே வரும் ரூஃப் துணி: சீட் கவர் தைக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வெறும் துணி வாங்கினால் போர்டின் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளியே தெரியும். வீட்டுத் திரைச்சீலை, பெட்ஷீட் துணி வேண்டாம். பள்ளங்களில் இழுபடாமல் சுருங்கும். தீ பிடித்தால் எப்படி எரியும் என்றும் சொல்ல முடியாது. கார் உள்பக்கப் பொருட்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது. கார் துணி என்றே கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் வகை கான்டாக்ட் கம்: மர வேலைக்கான வெள்ளை கம் சூட்டில் இளகிவிடும். அதிக வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

இவற்றுடன் நைலான் பிரஷ், கம் தடவ பெயின்ட் பிரஷ், புது கட்டர் பிளேடு, மாஸ்க், கையுறை, கண்ணாடி. துணைக்கு ஓர் ஆள் அவசியம்.

எப்படிச் செய்வது?

1. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், ரூஃப் லைட், தூண் மூடிகள், கதவோர பீடிங் ரப்பர் என ஒவ்வொன்றாக எடுங்கள். கழற்றும் முன் மொபைலில் போட்டோ எடுத்து, ஸ்க்ரூக்களைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதிவிட்டால் மாட்டும்போது குழப்பம் வராது.

2. முன்சீட்டுகளைப் பின்னால் சாய்த்து, இரண்டு பேர் சேர்ந்து போர்டை இறக்குங்கள். ஹேட்ச்பேக் என்றால் டிக்கி வழியாகவும், செடான் என்றால் பெரும்பாலும் முன்கதவு வழியாகவும் வரும். மடக்காதீர்கள். மடங்கிய கோடு புதுத் துணியிலும் தெரியும்.

3. பழைய துணியை உரித்துவிட்டு, போர்டில் மிச்சமிருக்கும் ஃபோம் தூளை நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் லைனிங் எத்தனை வருஷம் நிற்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது. கையால் தடவினால் ஒட்டாத, உதிராத பரப்பு வரும்வரை விடக்கூடாது. மாஸ்க்கும் கையுறையும் இந்தக் கட்டத்தில் கட்டாயம்.

4. துணியைப் போர்டின் மேல் விரித்து, நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிறகு பாதித் துணியை மடித்துப் போட்டு, அந்தப் பாதிக்கு மட்டும் போர்டிலும் ஃபோமிலும் மெல்லிதாக கம் தடவுங்கள். 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கையோடு வரக்கூடாது. கம்மில் உள்ள கரைப்பான் ஆவியாகும் முன் ஒட்டினால் பின்னால் குமிழ் வரும்.

5. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவி ஒட்டுங்கள். பள்ளங்களில் துணியை இழுக்காமல், உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். இழுத்து ஒட்டிய இடம்தான் முதலில் மேலே எழும்பும். இந்த கம் ஒட்டியதும் பிடித்துக்கொள்ளும், எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. அடுத்த பாதியையும் இதேபோல முடியுங்கள்.

6. ஓரத்தைப் போர்டின் பின்பக்கம் மடித்து ஒட்டி, லைட், கைப்பிடி துளைகளை வெட்டுங்கள். துளையைத் தேவையைவிடச் சின்னதாக வெட்டுவது நல்லது. ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டுப் பிறகு காரில் மாட்டுங்கள்.

எப்போது, எங்கே செய்யலாம்?

கான்டாக்ட் கம்மின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், தலைசுற்றலும் வரும். அதனால் மூடிய அறையிலோ காருக்குள்ளோ கம் தடவக் கூடாது. மொட்டை மாடியோ போர்ட்டிகோவோ ஓகே. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. புது லைனிங் போட்டாச்சு என்று அன்றைக்கே காருக்குள் கற்பூரம் காட்டுவதும் வேண்டாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் உச்சிப் பொழுதில் செய்தால் ஒரு ஓரம் தடவி முடிப்பதற்குள் மறு ஓரம் காய்ந்துவிடும். மழை நாளில் ஈரம் சேர்ந்து கம் சரியாகப் பிடிக்காது. வறண்ட நாளின் காலை நேரம்தான் சரி.

கடையில் கொடுப்பதாக இருந்தால்?

இரண்டு நாள் ஒதுக்க முடியாதவர்கள் கடையில் கொடுக்கலாம். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். போர்டைக் கழற்றிச் செய்வீர்களா? பழைய ஃபோமை முழுசாகச் சுரண்டுவீர்களா? புதுத் துணி ஃபோமோடு வருமா? 'கழற்றவே வேண்டாம் சார், அப்படியே ஒட்டிடலாம்' என்று பதில் வந்தால், அடுத்த கோடையில் நீங்கள் மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். ரூஃப் துணியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி திரும்ப எழும்பினால் ஃபோம் உயிரோடு இருக்கிறது. அழுத்திய இடம் சரசரவென்று உதிர்வது போலிருந்தால், அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.