இதயத்தின் 'கரன்ட் லைன்' எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை... பழவேற்காடு மீனவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க 'பாடு' என்று ஒரு முறை இருக்கு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உங்க முறை வர்ற நாளில் நீங்க போகலைன்னா, அன்றைய வருமானம் போச்சு. அதனால் நெஞ்சு படபடத்தாலும் தலை சுற்றினாலும் 'வெயில்தான், சரியாகிடும்' என்று படகேறத்தான் மனசு சொல்லும்.

ஆனால், கரையில் மயங்கி விழுவதும் படகில் மயங்கி விழுவதும் ஒன்றல்ல. தண்ணீரில் விழுந்தால், சில விநாடி மயக்கம்கூட உயிரை எடுத்துவிடும். அதனால்தான் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு பற்றிய தெளிவு நம்மைவிடக் கூடுதலாகத் தேவை.

இதயத்துக்குள்ள வயரிங் இருக்கா?

இருக்கு. இதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சின்ன 'ஜெனரேட்டர்' இருக்கு. அதில் பிறக்கும் மின்சாரம், நடுவில் இருக்கும் ஒரு 'ஜங்ஷன்' வழியாகக் கீழ் அறைகளுக்குப் போகும். அந்த ஜங்ஷனை 1906-ல் விளக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த சுனாவோ தவாரா. அடுத்த ஆண்டே ஜெனரேட்டரைக் கண்டுபிடித்தார்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இந்த கரன்ட் ஓடுகிறது.

இதில் இரண்டு விதமாகச் சிக்கல் வரும். கரன்ட் வராமல் துடிப்பு ரொம்பக் குறைஞ்சு போவது ஒன்று. இதற்கு பேஸ்மேக்கர். கரன்ட் தப்பான வழியில் சுற்றிச் சுற்றி ஓடி, துடிப்பு எகிறுவது இன்னொன்று. இதில் பல வகைகளுக்கு 'அப்லேஷன்' உண்டு. தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் அனுப்பி, தப்பான பாதையைச் சூட்டாலோ குளிராலோ செயலிழக்க வைப்பார்கள்.

இரண்டுமே நல்ல பலன் தரும் சிகிச்சைகள். ஜங்ஷன் பக்கத்திலேயே கரன்ட் சுற்றும் பொதுவான வகைப் படபடப்பில், 100-ல் 95 பேருக்கு மேல் அப்லேஷனில் சரியாகிவிடுகிறது. அப்புறம் எங்கே சிக்கல்?

மேப்பில் இல்லாத ரோடு

டாக்டர்கள் படித்த 'மேப்' மாதிரியே எல்லோருடைய உடம்பும் இருக்காது. சில அபூர்வ அமைப்புகளைப் பாருங்க.

* கூடுதலாக ஒரு ரத்தக்குழாய்: தலை, கைகளிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய் பொதுவாக வலப்பக்கம் மட்டும்தான் இருக்கும். 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு இடப்பக்கமும் ஒன்று இருக்கும். கருவில் மறைய வேண்டியது, மறையாமல் தங்கிவிட்டது. அவர்களுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இருக்காது. பேஸ்மேக்கர் வைக்க இடத்தோள் வழியாக வயரை அனுப்பும்போதுதான், அது எதிர்பாராத திசையில் வளைந்து போவது திரையில் தெரியும். அனுபவமுள்ள டாக்டர் அதே வழியில் சாமர்த்தியமாகக் கொண்டுபோவார், இல்லைன்னா வலப்பக்கத்துக்கு மாறுவார்.

* பாதியில் நிற்கும் ரோடு: சிலருக்குக் காலிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய சிரை, கல்லீரல் பக்கம் துண்டாகி, முதுகுப்பக்கம் இருக்கும் வேறொரு சிரை வழியாகச் சுற்றிப் போகும். தொடை வழியாக அனுப்பிய வயர் நேராக இதயத்தைத் தொடாது. கழுத்து வழியாகப் போக வேண்டி வரலாம்.

* வலப்பக்க இதயம்: சினிமாவில் மட்டுமில்லை, நிஜத்திலும் உண்டு. ஈ.சி.ஜி எடுத்தால் வயரை மாற்றி மாட்டிவிட்டது போலத் தெரியும்.

* எக்ஸ்ட்ரா கரன்ட் லைன்: மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஜங்ஷனைத் தவிர்த்து இன்னொரு இணைப்பு. 1930-ல் வோல்ஃப், பார்க்கின்சன், வொயிட் என்ற மூன்று டாக்டர்கள் விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே அழைக்கிறோம். இளைஞர்களுக்குத் திடீரெனப் படபடப்பு வர இது ஒரு காரணம். 'எப்ஸ்டீன்' என்ற பிறவி வால்வு கோளாறு இருப்பவர்களுக்கு, இப்படிப்பட்ட லைன்கள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம்.

இதில் பல விஷயங்களை எக்கோ அல்லது சி.டி ஸ்கேனில் முன்கூட்டியே பிடித்துவிடலாம். 'எனக்கு இதயம் வலப்பக்கம்னு முன்னாடியே சொன்னாங்க' என்பது போல ஏதாவது தெரிந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. பழைய ரிப்போர்ட்டுகளை போனில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அபூர்வம்தான்... ஆனா தெரிஞ்சிருக்கணும்!

ஜங்ஷனுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் அப்லேஷன் செய்வார்கள். கொஞ்சம் பிசகினால் ஜங்ஷனே பழுதாகி, பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இந்த வகைப் படபடப்பில் இதற்கான வாய்ப்பு 100-ல் ஒருவர் அல்லது அதற்கும் கீழ். வயர் இதயச் சுவரைத் துளைத்து, சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் சேர்வதும் உண்டு. ஊசி போட்டு உடனே வெளியேற்றுவார்கள். இவை பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிவதுதான் ஆபத்து. மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' பிரச்னைக்கு இதயத்தின் பின்சுவரில் அப்லேஷன் செய்வார்கள். அந்தச் சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. சூடு அங்கேயும் பரவினால், பல நாள்கள் கழித்து இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால், வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடிவதில்லை.

பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில், சிலருக்கு 2 மாதம் வரைகூடக் கழித்து அறிகுறி தெரியும்: காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, திடீரெனக் கை கால் இழுத்துக்கொள்வது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. சென்னையில் சிகிச்சை முடிஞ்சு சுமார் 55 கி.மீ தள்ளி ஊருக்கு வந்தாச்சு. மூணு வாரம் கழிச்சுக் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போடுவோம். அப்லேஷன் செய்ததை யாரும் கேட்கவும் மாட்டாங்க, நாம சொல்லவும் மாட்டோம். தொண்டை வலிக்குதேன்னு எண்டோஸ்கோபி செய்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். முதலில் தேவை நெஞ்சுப் பகுதி சி.டி ஸ்கேன். அதனால் அப்லேஷன் செய்துகொண்டவர் இரண்டு மாதத்துக்கு எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை: "எனக்கு அப்லேஷன் ஆகியிருக்கு." கூடவே, சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு ஒரு போன்!

பேஸ்மேக்கர் வச்சா வலை இழுக்கலாமா?

உலகின் முதல் பேஸ்மேக்கர் 1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 86 வயது வரை வாழ்ந்தார் அவர். அதனால் 'பேஸ்மேக்கர் வச்சா வாழ்க்கை முடிஞ்சது' என்ற பயம் வேண்டாம். ஆனால், மீனவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு.

வயர்: சிலருக்குப் பேஸ்மேக்கரின் வயர், காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் போகும். தோளை மீண்டும் மீண்டும் வேகமாக அசைத்தால், அங்கே நசுங்கி உடையலாம். வலை இழுப்பது, துடுப்பு போடுவது எல்லாம் அந்த அசைவுதான். அதனால் 'நான் மீனவர், எனக்கு எந்தக் கை பலம்' என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லணும். எந்தப் பக்கம் வைப்பது, எந்த வழியில் வயர் விடுவது என்பதை அதற்கேற்ப முடிவு செய்வார்கள். வயரே இல்லாத, இதயத்துக்குள்ளேயே வைக்கும் குட்டி பேஸ்மேக்கரும் சிலருக்குப் பொருந்தும்.

முதல் 4-6 வாரம்: அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், பாரம் வேண்டாம். அதுக்காகக் கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிப்போகும். லேசான அசைவு நல்லது.

தையல் ஆறும் வரை ஏரித் தண்ணீரில் இறங்கக் கூடாது. சிவப்பு, வீக்கம், சீழ் தெரிந்தால் உடனே டாக்டர்.

தடவிக்கிட்டே இருக்காதீங்க: தோலுக்கு அடியில் இருக்கும் கருவியைத் திருகித் திருகி, வயரையே சுருட்டி வெளியே இழுத்துவிட்டவர்கள் உண்டு. 1968-ல் கனடா மருத்துவ இதழில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள்.

எஞ்சின், போன்: ஓடும் எஞ்சின் மேல் நெஞ்சு படும்படி குனிய வேண்டாம். எவ்வளவு இடைவெளி என்பதை உங்க கருவிக்கேற்பக் கேட்டுக்கோங்க. போனைச் சட்டைப் பையில் வைக்காதீங்க, 15 செ.மீ-யாவது தள்ளி இருக்கட்டும். காந்தம் உள்ள ஐபோன் 12, உடம்பில் பொருத்திய ஒரு ஷாக் கருவியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததை 2021-ல் அமெரிக்க டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எப்போ கிளம்பணும்?

காரணமில்லாமல் மயக்கம், உழைக்கும்போது மயக்கம், படபடப்போடு நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது... இதில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடியும் வரை தனியாகப் படகேற வேண்டாம். அவசரம் என்றால் 108. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஈ.சி.ஜி, அங்கிருந்து பொன்னேரி, தேவைப்பட்டால் ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி தங்கம் மாதிரி, தொலைச்சிடாதீங்க.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற முடியும். கார்டு இல்லைன்னா, அப்பா அம்மாவுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்க உதவுங்க. ஒரு பாடு போனா அடுத்த முறை வரும். அதுக்கு ஆள் இருக்கணும்!